பூட்டிய அலமாரி: கவனக்குறைவுக்கான மருந்தொன்றின் சட்டவரலாறும் தென்சென்னைச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

கவனக்குறைவும் மிகையியக்கமும் உடைய குழந்தைகளுக்குப் பல நாடுகளில் பரிந்துரைக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் என்னும் மருந்து, இந்தியாவில் போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் வழியாகவே குடும்பங்களை வந்தடைகிறது. இம்மருந்தைச் சூழ்ந்துள்ள ‘பாதுகாப்பு’ என்னும் கருத்து எங்கிருந்து வந்தது என்பதையும், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் 1980க்குப் பின் உருவான நிறுவனங்களுக்கும் அக்கருத்துக்கும் உள்ள உறவையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம் மருந்தைத் திருட்டிலிருந்து காத்தது. குழந்தையின் உடலைக் காக்கும் அறிவோ அச்சட்டத்திற்கு வெளியே தங்கிவிட்டது என்பது இக்கட்டுரை முன்வைக்கும் வாதம்.

திறவுச்சொற்கள்: மெத்தில்ஃபெனிடேட், ஏ.டி.எச்.டி., அட்டவணை எக்ஸ், ஊக்கம், போதை, தென்சென்னை, கற்றல் குறைபாடு.

முன்னுரை

தமிழில் ‘ஊக்கமருந்து’ என்ற சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது விளையாட்டு வீரர் ஒருவர் சோதனையில் சிக்கிப் பதக்கத்தை இழந்த செய்தியே. நாளிதழ்கள் அச்சொல்லை அப்பொருளிலேயே நிலைபெறச் செய்துவிட்டன. ஆனால் மருந்தியலில் நரம்பு மண்டலத்தைத் தூண்டும் மருந்து வகைக்கும் இதே சொல்லைத்தான் நாம் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் தாய்க்கு, “இஃது ஓர் ஊக்கமருந்து” என்று விளக்கம் தரப்படும்போது, மோசடி என்னும் நிழலும் அச்சொல்லோடு சேர்ந்தே வருகிறது.

இதற்கு இன்னும் பழைய அடுக்கு ஒன்றும் உண்டு. திருக்குறளின் 60ஆம் அதிகாரம் ஊக்கமுடைமை; அடுத்தது மடியின்மை. ஊக்கம் என்பது ஒருவர் உடைமையாகக் கொள்ளவேண்டிய பண்பு. மடி என்பது நீக்கவேண்டிய குற்றம். இந்த அறவியல் வரிசையில் வளர்ந்த ஒரு சமூகம், ஊக்கத்தை மாத்திரை வடிவில் பெறுவதை எளிதில் ஏற்றுக்கொள்ளாது. “படிக்கிற பிள்ளைக்கு மாத்திரை எதற்கு? மனசு வைத்தால் போதாதா?” என்று தாத்தா பாட்டிமார் கேட்கும் கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. அக்கேள்விக்குப் பின்னால் நெடிய சிந்தனை மரபு ஒன்று நிற்பதை ஒப்புக்கொண்டு தொடங்குவதே முறை என இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

கணக்கு மாத்திரை

மேலை மருத்துவமும் இதே அறவியல் மொழியில்தான் தொடங்கியது. 1902இல் இலண்டன் குழந்தை மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தன. அறிவுக்குறை இன்றியே தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ள இயலாத குழந்தைகளை அவர் விவரித்தார். அவர் அதற்கு இட்ட பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்பதாகும். துறுதுறுப்பு, வால்தனம், சுட்டி என்று நாம் பாதி செல்லமாகவும் பாதி கண்டிப்பாகவும் சொல்லும் அதே எல்லைக்கோட்டில்தான் ஸ்டில்லும் நின்றிருந்தார்.

மருந்து வந்தது தற்செயலாக. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் பிராட்லி இல்லம் என்னும் சிறுவர் மருத்துவமனையில் சார்லஸ் பிராட்லி என்பவர் மூளைப் படம் எடுக்கும் சோதனைக்குப் பின் ஏற்பட்ட தலைவலியைத் தணிப்பதற்காகப் பென்செட்ரின் என்னும் ஆம்ஃபெடமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. பிள்ளைகளின் பள்ளிப்பாடம் சீர்பட்டது. 30 குழந்தைகளிடம் அதனை ஆராய்ந்து அவர் வெளியிட்ட கட்டுரையில், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் பாடத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்பட்டதாகப் பதிவு செய்தார். குழந்தைகளே அதனைக் ‘கணக்கு மாத்திரை’ என்று அழைத்தனராம். அதே 1937இல்தான் இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டு மருத்துவகம் பம்பாயில் சர் தோராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளியில் தொடங்கப்பட்டது. ஓரிடத்தில் மருந்து, மற்றோரிடத்தில் ஆலோசனை என இரண்டு பாதைகள் ஒரே ஆண்டில் புறப்பட்டதைச் சுட்டுவதன்றி, அவற்றுக்கிடையே நேர்த்தொடர்பு இருந்ததாகக் கொள்ள இடமில்லை.

மெத்தில்ஃபெனிடேட்டை 1944இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவன வேதியியலாளர் லியாந்திரோ பனிசோன் உருவாக்கினார். அவர் மனைவி மார்கரீட்டின் செல்லப்பெயரான ரீட்டா என்பதிலிருந்து ரிட்டலின் என்னும் வணிகப்பெயர் பிறந்தது. 1955இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிட்டியபோது அது சோர்வுக்கும் மனத்தளர்ச்சிக்கும் மீதூக்க நோய்க்கும் உரிய பெரியவர்களின் மருந்தாகவே இருந்தது. 1963இல் கீத் கானர்ஸ், லியான் ஐசன்பர்க் ஆகியோரின் ஆய்வுக்குப் பின்னரே குழந்தைகளை நோக்கி அது திரும்பியது. நோயின் பெயரும் இதற்கிடையே மாறிக்கொண்டிருந்தது. அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் 1968இல் அது மிகையியக்க எதிர்வினை, 1980இல் கவனக்குறைவு, 1987இல் இரண்டும் இணைந்து இன்றைய ஏ.டி.எச்.டி. ஆயின.

ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த பூட்டு

இந்தியச் சட்டம் இம்மருந்தை ஏன் பூட்டி வைக்கச் சொல்கிறது என்ற கேள்விக்கு விடை தேடினால், அது இந்தியக் குழந்தை எவரிடமும் சென்று சேர்வதில்லை, சுவீடனுக்குச் செல்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அந்நாட்டில் உடல் எடையைக் குறைக்க விற்கப்பட்ட ஃபென்மெட்ரஸின் முதலிய மாத்திரைகளைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் பரவியது. மெத்தில்ஃபெனிடேட்டும் அவ்வாறே பயன்பட்டது. 1968இல் சுவீடன் அதனைச் சந்தையிலிருந்து விலக்கியது. பன்னாட்டுக் கட்டுப்பாடு வேண்டுமென முன்னின்று வலியுறுத்திய நாடுகளுள் சுவீடனும் ஒன்று. 1971 பிப்ரவரி 21 அன்று வியன்னாவில் உளத்தாக்கப் பொருள்கள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் இரண்டாம் அட்டவணையில் முதலில் இடம்பெற்றவை ஆம்ஃபெடமின், டெக்ஸாம்ஃபெடமின், மெத்தாம்ஃபெடமின், மெத்தில்ஃபெனிடேட், ஃபென்சைக்ளிடின், ஃபென்மெட்ரஸின் என்னும் ஆறே.

இந்தியா 1975இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின்கீழ் அமைந்த 1945 விதிகளில், 1982இல் அட்டவணை எக்ஸ் என்னும் புதிய பட்டியல் சேர்க்கப்பட்டது. வியன்னாவின் அந்த ஆறு பெயர்களும் உறக்க மருந்துகளான பார்பிட்டுரேட்டுகளோடு அதில் வந்தமர்ந்தன. விழிக்கவைக்கும் மருந்தும் உறங்கவைக்கும் மருந்தும் ஒரே பட்டியலில் ஒன்றுசேர்ந்திருப்பதிலிருந்தே, அப்பட்டியல் எந்த நோயாளியையும் மனத்தில் கொண்டு எழுதப்படவில்லை என்பது விளங்கும். அது தவறான கைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

அடுத்து 1985ஆம் ஆண்டுச் சட்டம். தமிழில் பொதுவாகப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் என்றே வழங்கும் அதன் பொருள் பட்டியலிலும் மெத்தில்ஃபெனிடேட் உண்டு. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1985 நவம்பர் 14. அது குழந்தைகள் நாளாக அமைந்தது வெறும் தற்செயலே. எனினும் இத்தலைப்பில் ஆய்வு செய்பவர் அதனைக் கவனிக்காமல் கடந்து செல்வது கடினம்.

அடையாற்றின் இரண்டு சொற்களஞ்சியங்கள்

சென்னையின் அரசு மனநல மருத்துவம் கீழ்ப்பாக்கத்தையும், அரசு குழந்தை மருத்துவம் எழும்பூரையும் மையமாகக் கொண்டவை. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே திரைப்பட நகைச்சுவையில் ஏளனச் சொல்லாகத் தேய்ந்தது யாவரும் அறிந்தது. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ வாழ்ந்த நடுத்தரக் குடும்பம் தன் பிள்ளையின் துறுதுறுப்பைக் காட்ட அங்குச் செல்லத் தயங்கியதில் வியப்பில்லை. அக்குடும்பத்திற்கு வேறு வழிகள் இருந்தன. வல்லாரைக் கீரை நினைவாற்றல் தரும் என்ற நம்பிக்கை வீடுதோறும் இருந்தது. வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905இல் தோற்றுவித்த வேங்கடரமணா ஆயுர்வேத மருந்தகம் மயிலாப்பூரிலேயே இருந்தது. கோயிலும் பள்ளித் தலைமையாசிரியரின் பிரம்பும் இருந்தன. மாத்திரைக்கு முன்பு ஒரு வரிசையே இருந்தது எனலாம்.

தென்சென்னையில் 1980க்குப் பின் நிகழ்ந்த மாற்றம் தன்னார்வ நிறுவனங்களின் வழியே நிகழ்ந்தது. அவற்றை இங்கே இரண்டு ஓடைகளாகப் பிரித்துக் காண்பது பயனுடையது.

முதலாவது ஓடை போதை பற்றியது. 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, அடையாறு இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையாக வளர்ந்தது. குடியும் போதைப்பழக்கமும் ஒழுக்கக்கேடு அல்ல, மருத்துவம் தேவைப்படும் நோய் என்ற கருத்தை நகரின் நடுத்தர வர்க்கத்தினரிடம் கொண்டுசேர்த்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அட்டவணை எக்ஸ் 1982இலும் போதைப்பொருள் சட்டம் 1985இலும் வந்த அதே சில ஆண்டுகளில் ‘அடிமையாதல்’, ‘மீட்பு’, ‘மறுவாழ்வு’ ஆகிய சொற்கள் அடையாற்றுக் குடும்பங்களின் பேச்சில் கலந்தன. அச்சொற்கள் பலரைக் காத்தன என்பதில் ஐயமில்லை. அதே சொற்கள்தாம் பின்னாளில் குழந்தையின் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்த பெற்றோரை அச்சுறுத்தவும் செய்தன.

இரண்டாவது ஓடை கற்றல் பற்றியது. 1985இல் பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்பு இன்று கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற பெயரில் இயங்குகிறது. மூளை முடக்குவாதம் உடைய குழந்தைகளுக்கான பணியாக அது தொடங்கியது. 1991இல் சென்னை டிஸ்லெக்சியா சங்கம் உருவானது. தியாகராய நகரை இருப்பிடமாகக் கொண்டு, எழுத்தும் எண்ணும் வசப்படாத பிள்ளைகளுக்கு மாற்றுக் கற்பித்தல் முறைகளையும் ஆசிரியர்ப் பயிற்சியையும் அது வளர்த்தது. ‘மக்கு’ என்ற வசைக்கு மாற்றாகக் ‘கற்றல் குறைபாடு’ என்ற சொல்லை நகரப் பள்ளிகள் கற்றுக்கொண்டது இவ்வாறுதான். 2007இல் ‘தாரே ஜமீன் பர்’ இந்தித் திரைப்படம் வெளிவந்தபோது அதன் பொருளை இங்குள்ள பள்ளிகள் உடனே விளங்கிக்கொண்டதற்கு இந்தப் பதினைந்தாண்டுத் தயாரிப்பும் ஒரு காரணம்.

சில கிலோமீட்டர் இடைவெளிக்குள், ஏறத்தாழ ஒரே காலத்தில், போதைக்கு ஒரு மொழியும் கற்றலுக்கு ஒரு மொழியும் பிறந்தன. மெத்தில்ஃபெனிடேட் இரண்டுக்கும் இடையில் விழுந்தது. கற்றலின் மொழி ஆசிரியருக்கும் சிறப்புக் கல்வியாளருக்கும் உரியது. மருந்தைப் பற்றிப் பேசுவது அதன் வேலையன்று. போதையின் மொழி மருந்தைப் பற்றி நிறையப் பேசியது. குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. கவனக்குறைவும் கற்றல் குறைபாடும் பல பிள்ளைகளிடம் சேர்ந்தே காணப்படுவதால் இந்த இடைவெளி சிறியதன்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளுள் கற்றல் குறைபாடு உண்டு, ஆட்டிசம் உண்டு; ஏ.டி.எச்.டி. பெயர் சுட்டி இடம்பெறவில்லை. ஆகவே தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும் பிள்ளைக்கு, உடன் இருக்கும் கற்றல் குறைபாடே சான்றிதழ் ஆகிறது. கவனக்குறைவு மட்டும் உடைய பிள்ளைக்கு மாத்திரை உண்டு, சான்றிதழ் இல்லை.

குறை அரிதானது என்று கருதுவதற்கும் இடமில்லை. உலக ஆய்வுகளின் தொகுப்பு குழந்தைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரைச் சுட்டுகிறது. கோயம்புத்தூரில் நான்கு பள்ளிகளின் 770 தொடக்கநிலை மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளிவந்த ஆய்வு 11.32 விழுக்காடு என்று கணித்தது. ஓர் ஊரின் சில பள்ளிகளை வைத்துச் சென்னையை அளக்க முடியாது; எனினும் நாற்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் இருவராவது இருக்கக்கூடும் என்பதற்கு இது போதுமான சான்று.

மருந்துக்கடையின் முகப்பில்

விதிகள் நடைமுறையில் என்ன செய்கின்றன என்பதைக் காண்போம். அட்டவணை எக்ஸ் மருந்தைச் சில்லறையில் விற்க வழக்கமான உரிமம் போதாது. 20-எஃப் என்னும் தனி உரிமம் வேண்டும். மருந்தை அதற்கென்றே ஒதுக்கிய அலமாரியிலோ இழுப்பறையிலோ பூட்டி வைக்கவேண்டும். மருத்துவரின் சீட்டு இரண்டு படிகளாக இருக்கவேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டாண்டு காலம் வைத்திருக்கவேண்டும். சீட்டில் நோயாளியின் பெயர், முகவரி, மொத்த அளவு, உட்கொள்ளும் முறை ஆகியவை இருக்கவேண்டும். மீண்டும் வழங்கலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தாலன்றி ஒரே சீட்டுக்கு இருமுறை மருந்து தரக்கூடாது. உறையின் இடப்பக்க மேல்மூலையில் சிவப்பில் ‘எக்ஸ்ஆர்எக்ஸ்’ குறி இருக்கும்.

தனி உரிமமும் தனிப் பதிவேடும் ஆய்வாளரின் கேள்விகளும் சேர, பெரும்பாலான தெருமுனைக் கடைகள் இம்மருந்தை வைத்துக்கொள்ள விரும்புவதில்லை. அதனால்தான் கச்சேரி சாலையிலோ உஸ்மான் சாலையிலோ ஐந்து கடை ஏறி இறங்கியும் கிடைக்காத மாத்திரை, பெரிய மருத்துவமனையை ஒட்டிய ஒரு கடையில் கிடைக்கிறது. ஒவ்வொரு கடையிலும் “இது போதை மருந்துங்க, நாங்க வைக்கிறதில்லை” என்ற விடையைக் கேட்கும் தந்தை, வீடு திரும்பும்போது மருந்தை மட்டுமல்லாது அச்சொல்லையும் எடுத்து வருகிறார். சட்டத்தின் நோக்கம் கள்ளச்சந்தையைத் தடுப்பது. அது குடும்பத்திற்குக் கற்பிக்கும் பாடம் வேறு.

சட்டம் குடும்பத்திற்கு அளிக்கும் இடமும் உண்டு. 1985ஆம் ஆண்டு விதிகளின் 66ஆம் விதி, தன் மருத்துவத் தேவைக்காக ஒருவர் ஒரே சமயத்தில் 100 அலகு வரை வைத்திருக்க இசைவளிக்கிறது. நீண்டகாலப் பயன்பாட்டிற்கென மருத்துவர் குறிப்பிட்டு எழுதினால் 300 அலகு வரை வைத்துக்கொள்ளலாம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் குடும்பம் மருந்தையும் சீட்டின் படியையும் ஒன்றாக எடுத்துச் சென்றால் அஞ்சவேண்டியதில்லை என்பதே இதன் பொருள். கட்டுப்பாட்டை அறிந்த அளவுக்கு இந்த உரிமையைப் பலர் அறிந்திருக்கவில்லை என்றே தோன்றுகிறது.

உடலின் பாதுகாப்பு

சட்டம் பேசாத பாதுகாப்புக்கு இப்போது வருவோம். மெத்தில்ஃபெனிடேட் மூளையில் டோபமின், நாரட்ரினலின் என்னும் இரு வேதிப்பொருள்கள் நரம்பணுவுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. அதனால் திட்டமிடலுக்கும் தன்னடக்கத்திற்கும் உரிய முன்மூளைப் பகுதியில் அவற்றின் அளவு உயர்கிறது. துறுதுறுப்பான பிள்ளைக்குத் தூண்டும் மருந்து கொடுத்தால் எப்படி அடங்கும் என்ற இயல்பான ஐயத்திற்கு விடை இதுவே: தூண்டப்படுவது அடக்கி ஆளும் பகுதி. வாய்வழி, குறைந்த அளவில், மெதுவாக இரத்தத்தில் ஏறும் மருந்துக்கும், சுவீடனில் நரம்பில் ஏற்றப்பட்ட அதே மருந்துக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது. பொருள் ஒன்று, அளவும் வேகமும் வேறு. 1971இன் பட்டியலால் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலவில்லை.

மருந்து தொடங்கும் முன் செய்யவேண்டியவற்றுள் முதன்மையானது இதயம் பற்றிய விசாரணை. பிள்ளைக்குப் பிறவி இதயக்குறை, மயக்கம், ஓடும்போது நெஞ்சுவலி ஆகியவை உண்டா, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்ததுண்டா என்பவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூறவேண்டும். கண்ணழுத்த நோய், கட்டுக்குள் வராத தைராய்டு மிகைச்சுரப்பு, மனப்பிறழ்வின் முன்வரலாறு, வலிப்பு, குரல்வளையிலோ முகத்திலோ தானாக எழும் துடிப்புகள் ஆகியவற்றையும் சொல்லவேண்டும். சிலவகை மனச்சோர்வு மருந்துகளோடு இதனைச் சேர்க்கவே கூடாது. பிறகு எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் அளந்து எழுதிவைக்கவேண்டும். பிரிட்டனின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை உயரத்தை ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், பத்து வயது வரை எடையை மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், நாடியையும் அழுத்தத்தையும் ஒவ்வோர் அளவு மாற்றத்தின்போதும் ஆறு மாதத்திற்கு ஒருமுறையும் அளக்கச் சொல்கிறது. இந்திய விதிகள் கடைக்காரரிடம் பதிவேடு கேட்கின்றன. குழந்தையின் உயரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒரு பழைய பள்ளி நோட்டில் தாய் எழுதிவைக்கும் எடைக்கணக்கு, சட்டம் கேட்காத பதிவேடு என்றாலும் அதுவே இன்றியமையாதது.

ஆறு வயதுக்கு உட்பட்டோர்க்கு இம்மருந்துக்கு வழக்கமான ஒப்புதல் இல்லை. சிறிய அளவில் தொடங்கி, வார இடைவெளியில் மருத்துவர் பார்த்து உயர்த்துவதே முறை. உடனே வெளிப்படும் மாத்திரை மூன்று அல்லது நான்கு மணி நேரமே வேலை செய்யும். மெதுவாக வெளிப்படும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நீளும். பின்னதை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. தேனில் குழைத்துக் கொடுக்கும் நம் வழக்கம் இங்கே ஆபத்தாகும்; ஒரு நாள் முழுவதற்குமான மருந்து ஒரே வேளையில் உடலில் இறங்கிவிடும். காலையில் மறந்துவிட்டால் மாலையில் ஈடுசெய்வதோ, மறுநாள் இரண்டு கொடுப்பதோ கூடாது.

பசி குறைவதே மிகப் பரவலான பக்கவிளைவு. சென்னைப் பள்ளிகள் காலை எட்டு மணியளவில் தொடங்குவதால் மாத்திரையும் அவசரமும் ஒன்றாக வருகின்றன. இட்லியை முதலில் ஊட்டிவிட்டு மாத்திரையைப் பின்னர் தருவது எளிய தீர்வு. மதியச் சாப்பாட்டு டப்பா தொடப்படாமல் திரும்புவதைப் பிடிவாதம் என்று எண்ணித் திட்டுவது பயனற்றது. மருந்தின் வேகம் தணியும் மாலையிலும் இரவிலும் பசி திரும்பும்போது நன்றாக உண்ணக் கொடுக்கலாம். அடுத்தது உறக்கமின்மை. இதில் தென்சென்னைக்கு உரிய சிக்கல் ஒன்று உண்டு: மாலை டியூஷன். பள்ளியில் வேலை செய்த மாத்திரை ஐந்து மணிக்குத் தீர்ந்துவிடுகிறதே, இன்னொன்று கொடுத்தால் டியூஷனிலும் உட்கார்வானே என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. 1978இல் மேல்நிலைக் கல்வி வந்ததும், 1984 முதல் 2006 வரை தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு நடந்ததும், 2017இல் நீட் வந்ததும் இந்நகரின் மாலைப் பொழுதைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டன. மருந்தின் நேரத்தை முடிவு செய்யவேண்டியது உறக்கம். தேர்வு அட்டவணை அன்று. இதில் இக்கட்டுரையாளருக்கு ஐயமேதும் இல்லை.

காப்பியும் ஒரு தூண்டும் பொருளே. தமிழ்ச் சமூகத்தில் காப்பி நுழைந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக எழுதியுள்ளார். அன்று அதன்மீது எழுந்த ஒழுக்க அச்சங்களை இன்று படிக்கும்போது இந்த மாத்திரை நினைவுக்கு வருகிறது. நடைமுறைச் செய்தி ஒன்றே: மருந்து உட்கொள்ளும் வளரிளம் பிள்ளைக்குத் தேர்வுக் காலத்தில் இரவுக் காப்பியும் சேர்ந்தால் படபடப்பும் உறக்கக்கேடும் மிகும். மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கும் சில சளி மருந்துகளும் அவ்வாறே.

வளர்ச்சி பற்றிய அச்சத்திற்கு அடிப்படை உண்டு. 579 குழந்தைகளைக் கொண்டு 1999இல் முடிவுகள் வெளியான அமெரிக்கப் பல்மைய ஆய்வு, 14 மாத அளவில் கவனமாகக் கண்காணிக்கப்பட்ட மருந்து முதன்மை அறிகுறிகளைக் குறைப்பதில் நடத்தைப் பயிற்சியை விஞ்சியது என்று காட்டியது. அதே ஆய்வின் மூன்றாம் ஆண்டுத் தொடர்ச்சியில் குழுக்களுக்கிடையேயான வேறுபாடு மறைந்தது. தொடர்ந்து மருந்து உண்ட பிள்ளைகள் உண்ணாதவர்களைவிட ஏறத்தாழ 2 செ.மீ. குறைவாக வளர்ந்திருந்தனர். மருந்தை அஞ்சுவோர் பின்பாதியையும் பரிந்துரைப்போர் முன்பாதியையும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. இரண்டும் ஒரே ஆய்வு. பெற்றோர் பயிற்சி, வகுப்பறை மாற்றம் ஆகியவற்றோடு சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ‘இன்னும் தேவையா?’ என்று மருத்துவரோடு கேட்டுப் பார்ப்பதே இவ்விரண்டையும் மதிக்கும் வழி. தானாக நிறுத்துவதும் தானாகக் கூட்டுவதும் கூடா. நெஞ்சுவலி, மயங்கி விழுதல், இல்லாததைக் காணுதல் அல்லது கேட்டல், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகியவை தோன்றினால் மறுவேளை மருந்து தராமல் உடனே மருத்துவரை அணுகவேண்டும்.

போதை பற்றிய அச்சத்திற்கும் முற்றிலும் அடிப்படை இல்லை என்று கூறிவிட முடியாது. ஆபத்து பெரும்பாலும் சீட்டு எழுதப்பட்ட பிள்ளையிடமிருந்து வேறொருவர் கைக்கு மருந்து மாறும்போது வருகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் இவ்வகை மருந்துகளின் எச்சரிக்கையைத் திருத்தியபோது பகிர்வதையே முன்னிறுத்தியது. தேர்வுக்குப் படிக்கும் அண்ணனுக்கு ஒன்று, கணக்குத் தணிக்கை இரவில் விழித்திருக்கும் மாமாவுக்கு ஒன்று என்று எடுப்பது குற்றமும் ஆகும், தீங்கும் ஆகும். ஆகவே பூட்டு வீட்டிலும் வேண்டும். மாத்திரைகளை எண்ணி வைக்கவும் வேண்டும். மாத்திரையைப் பெரியவரே எடுத்துக் கொடுக்கவேண்டும். பள்ளிப் பையில் அட்டையாக அனுப்பக்கூடாது. சுவீடனிலிருந்து வந்த பூட்டுக்குக் குடும்பத்திற்குள் கிடைக்கும் நியாயமான இடம் இதுதான்.

2020 மார்ச் 25

ஊரடங்கு தொடங்கிய அன்றே நடுவண் அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. வீட்டிலிருந்தபடியே மருத்துவரைக் கலந்து மருந்துச் சீட்டுப் பெற அவை வழிவகுத்தன. ஆனால் அட்டவணை எக்ஸ் மருந்துகளும் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகளும் தடைப்பட்டியலில் வைக்கப்பட்டன. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் திறந்த கதவு, பள்ளி மூடி நான்கு சுவருக்குள் அடைபட்ட இப்பிள்ளைகளுக்குத் திறக்கவில்லை. மருந்து தீர்ந்தபோது நேரில் செல்வதா, நிறுத்துவதா என்ற முடிவை ஒவ்வொரு குடும்பமும் தனியே எடுக்கவேண்டியிருந்தது.

ஒப்புநோக்க அடையாற்றிலேயே மற்றொரு பூட்டு உண்டு. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற மருத்துவமனைகளின் நோயாளிகளுக்கு வலி தணிக்கும் மார்ஃபினும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் எட்டாப் பொருளாயிற்று. வலி நிவாரண மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடியதன் விளைவாக 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இன்றியமையாப் போதை மருந்துகள் என்ற தனிவகை உருவானது. மார்ஃபினுக்காகப் பேச ஓர் இயக்கம் இருந்தது. மெத்தில்ஃபெனிடேட்டுக்காகப் பேச அத்தகைய இயக்கம் உருவாகவில்லை. பிள்ளையின் பெயர் வெளியே தெரிந்துவிடுமே என்ற தயக்கம் பெற்றோரை ஒன்றுசேர விடாததும் ஒரு காரணமாகலாம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இதனைச் சேர்க்க 2019இலும் 2021இலும் வைக்கப்பட்ட விண்ணப்பங்கள் ஏற்கப்படவில்லை. நீண்டகாலப் பயன் பற்றிய சான்று போதாது என்பதே வல்லுநர் குழு கூறிய காரணங்களுள் முதன்மையானது. அக்காரணத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் சான்று போதாமை என்பது திறந்து விவாதிக்கக்கூடிய காரணம். அட்டவணை எக்ஸ் முன்வைக்கும் அச்சத்தோடு அப்படி விவாதிக்க வழியில்லை.

பதினெட்டு வயதுக்குப் பின்

குறை குழந்தைப்பருவத்தோடு முடிந்துவிடும் என்ற பழைய கருத்து இன்று இல்லை. 2013ஆம் ஆண்டு அமெரிக்கக் கையேடு பெரியவர்களுக்கெனத் தனி அளவுகோல்களை வகுத்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு மிகையியக்கக் குறை என்ற பழைய பெயரைக் கைவிட்டு ஏ.டி.எச்.டி. என்றே குறிக்கிறது. மயிலாப்பூரில் தாயின் அலமாரியில் இருந்த மாத்திரை, பிள்ளை கல்லூரி விடுதிக்குச் செல்லும்போது அவனுடைய பெட்டிக்கு மாறுகிறது. குழந்தை மருத்துவரின் சீட்டு இனிப் பெரியவர்களுக்கான உளமருத்துவரிடமிருந்து வரவேண்டும். புதிய ஊரில் 20-எஃப் உரிமம் உள்ள கடையைக் கண்டுபிடிக்கவேண்டும். உயரமும் எடையும் எழுதிய அந்தப் பள்ளி நோட்டைத் தாய் அவனோடு அனுப்பினால், பத்தாண்டுகளில் எந்த அளவு ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் புதிய மருத்துவர் அதில் படித்துக்கொள்வார். கடைக்காரர் வைத்திருந்த சீட்டுப் படிகள் இரண்டாண்டோடு போய்விட்டிருக்கும்.